ஐந்தாவது ஆள்

5ஆம் தேதி, புதன்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்தேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். வேறொருவனாக இருந்தால் பாதி வழியிலேயே திரும்பி ஓடியிருப்பான். பஸ்ஸை ஒரு மலையடிவாரத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல ரோடு கிடையாது, எல்லாரும் இறங்குங்க" என்றார்கள். அங்கிருந்து தபால் படகில் மூன்று மணி நேரம். அலை ஒவ்வொன்றும் நம் பஸ் பணிமனைக் கூரை உயரம். படகில் இருந்த பதினாறு பேரும் வாந்தி. நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் முதுகு தடவிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். படகோட்டி அசந்துபோய், "அண்ணே, நீங்க கடல்ல பழகின ஆளா?" என்று கேட்டான். "இருபத்தெட்டு வருஷமா பஸ் சீட் தைக்கிறவன்ப்பா, குலுங்குறது எனக்கென்ன புதுசா?" என்றேன்.

ஊரைப் பற்றி என்ன எழுத! தண்ணீர் குடிக்க இரண்டு கையையும் குவிப்போமே, அந்த மாதிரி இரண்டு மலை. அதன் நடுவில் கொஞ்சம் கடல், அதுதான் துறைமுகம். உள்ளே நுழைய ஒரே ஒரு வழி. அதுவும் இரண்டு படகு எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று பார்த்துக் கனைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வீடுகள் படிப்படியாக மலைமேல் ஏறுகின்றன. படகுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்டைத்தான் வீட்டுக்கு அடிக்கிறார்கள். அதனால் நீலப் படகுக்காரன் வீடு நீலம், மஞ்சள் படகுக்காரன் வீடு மஞ்சள். யார் வீடு எது என்று கேட்கவே வேண்டாம். கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது, ரொம்பக் குட்டி. இன்னும் வளரும் போலிருக்கிறது.

உன் அண்ணனைப் பார்த்தேன். கறுத்துவிட்டான், ஆனால் தோளெல்லாம் அகன்று ஆளாகிவிட்டான். துறைமுக ஆபீஸில் வேலை. வாசல் சுவரில் ஒரு பெரிய கரும்பலகை. எந்தப் படகு கடலுக்குப் போனாலும் அதன் எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் இவன் சாக்பீஸால் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் தலையை எண்ணிவிட்டு அழிக்க வேண்டும். ஒரு வரி அழியாமல் இருந்தால் அன்றைக்கு ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் போக மாட்டார்களாம். பொறுப்பான வேலைதான். நான் ஏழாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன், எனக்கே பலகையைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எப்படி இருக்கார் மாமா?" பார்த்தாயா! சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திங்கட்கிழமைப் படகில் கிளம்புகிறான் என்றே வைத்துக்கொள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடாமல் அடம்பிடித்தது போதும் என்று உன் அப்பாவிடம் சொல். மாமா போன காரியம் எது தோற்றிருக்கிறது?

அன்புடன்,
மாமா


8ஆம் தேதி, சனி

மாமாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. நான்கு பக்கம். அலைக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒன்றரை, உங்களுக்கு ஒன்று, அண்ணனுக்கு அரை. அந்த அரைப் பக்கத்தைத்தான் நானும் அம்மாவும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம். "கிளம்புகிறான் என்றே வைத்துக்கொள்" என்றால் என்ன அர்த்தம்? அவன் கிளம்புகிறானா, அல்லது நான் வைத்துக்கொள்ள வேண்டுமா?

தேதி கொடுத்துவிட்டார்கள். 22ஆம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணி. முந்தின நாள் மாலைக்குள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். "அதுவரைக்கும் வால்வு தாங்குமா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பாவிடம் நேற்றும் தாளை நீட்டினேன். "பையன் வரட்டும், போடறேன்" என்றார்.

"அவன் வரலைன்னா?"

"வரலைன்னா எதுக்கு ஆபரேஷன்?"

இத்தனை வருடம் அண்ணன் பேரையே எடுக்காத மனிதர், இப்போது வாயைத் திறந்தால் அந்த டூல் பாக்ஸ் கதைதான். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவன் பணிமனைப் பயிற்சியை விட்டுவிட்டு வந்ததும், தான் அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்ததும், ஸ்பேனரெல்லாம் சிதறியதும். "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கிடைச்சுதா?" என்று என்னையே கேட்கிறார். மூன்று வருடம் கழித்து!

நான் எழுதிய கடிதங்களை அண்ணன் பிரிக்காமல் திருப்பி அனுப்பியதால்தான் நீங்கள் போனீர்கள். "நான் போனா ஒரே வார்த்தை, கூட்டிட்டு வந்துடுவேன்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியாயிற்றா? அவன் என்ன சொன்னான்? அதை மட்டும் எழுதுங்கள். கடல் எங்கேயும் போகாது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிலையத்தில் நிற்பேன்.


12ஆம் தேதி, புதன்

அன்பு மருமகளுக்கு,

கோபப்படாதே. உன் கோபம் மருந்துக்கடை வாசனையோடு கடல் தாண்டி வந்து என் மூக்கில் ஏறியது.

திங்கட்கிழமை அவன் கிளம்பவே கிளம்பினான். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. ஆனால் துறைமுக அதிகாரி விடவில்லை. "நீ போனா பலகைய யாரு பாக்குறது? மீன் நல்லா பட்டுக்கிட்டிருக்கிற நேரம்" என்று அவர் இவன் காலைப் பிடிக்காத குறை. மாப்பிள்ளை கண் கலங்கிவிட்டான். நான் நேராக அதிகாரி அறைக்குள் போய் மேஜையில் ஒரு குத்து விட்டேன். மைக்கூடு துள்ளியது. அவர் பயந்துபோய் வியாழக்கிழமைப் படகில் அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். ஆகவே வெள்ளிக்கிழமை காலை நிச்சயம்.

இங்கே எனக்கு இருக்கிற மரியாதையை நீ பார்க்க வேண்டும். ஐஸ் உடைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா இருக்கிறார். ஊருக்கே அவர் ஐஸ் அம்மா. அவர் உட்காரும் ஸ்டூலுக்கு நான் ஒரு குஷன் தைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யோவ், இத்தனை வருஷமா நான் என்னத்துல உக்காந்திருந்தேன்?" என்றார். அன்றிலிருந்து படகுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சுறா என்று ஒரு மீனவன். பல் அப்படி இருப்பதால் அந்தப் பெயர். அவன் படகில் இரண்டு தடவை கடலுக்குப் போய்வந்தேன். இரண்டாவது தடவை நான் வலையில் கை வைத்ததும் மீன் வந்து விழுந்தது பார், ஒவ்வொன்றும் பஸ் ஜன்னல் நீளம். "நீங்க கையை வச்சா மீனுக்கே ஆசை வந்துடுது அண்ணே" என்கிறான்.

காலை வேளையில் மலை நிழல் தண்ணீரிலிருந்து மெதுவாக நகர்ந்து போகும்போது, அத்தானும் இதைப் பார்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரையும் நானே கூட்டி வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக்குச் சீக்கிரம் போ.

அன்புடன்,
மாமா


15ஆம் தேதி, சனி

மாமா,

செவ்வாய்க்கிழமை நின்றேன். நேற்றும் நின்றேன். நேற்று மூன்று பஸ் பார்த்தேன். கடைசி பஸ் காலியானதும் கண்டக்டர் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, "யாரும் தூங்கல தங்கச்சி, எல்லாரும் இறங்கிட்டாங்க" என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, தலை வாரி, படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மாதான் சவரம் செய்துவிட்டாளாம். தாடையில் ஒரு வெட்டு. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். நான் தனியாக வந்ததைப் பார்த்துவிட்டு, "பஸ் லேட்டோ?" என்றார். ஆமாம் என்றேன். நீங்கள் எனக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

மாமா, நீங்கள் அண்ணனிடம் சொல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் படகோட்டி பேசுகிறான், ஐஸ் அம்மா பேசுகிறார், அதிகாரி பேசுகிறார், விட்டால் மீனும் பேசும். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டதோடு சரி, அதற்குமேல் வாயே திறக்கவில்லை. அப்பாவுக்கு இப்படி என்று தெரிந்த பிள்ளை ஒரு வார்த்தையாவது பேசியிருக்க மாட்டானா? அழுதான், கலங்கினான் என்பதெல்லாம் நீங்கள் தைத்த குஷன். உள்ளே வெறும் பஞ்சு.

உங்களைப் புளுகு மூட்டை என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் உங்கள் பக்கம் பேசியிருக்கிறேன். "மாமா யாருக்கும் கெட்டது செய்யறதில்லப்பா, கேக்கறவங்க சந்தோஷமா இருக்கட்டும்னுதான்" என்பேன். இனிமேல் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவுக்கு இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது. நேற்று மூன்றாவது கேட்டார். 20ஆம் தேதி வியாழக்கிழமைதான் கடைசிப் படகு. அவன் வராவிட்டால் போகட்டும், அது அவன் முடிவு. ஆனால் அவனுக்குத் தெரியாமல் அந்தப் படகு கிளம்பக் கூடாது. சொல்லிவிடுங்கள் மாமா. அலங்காரம் வேண்டாம். "அப்பாவுக்கு இதயத்துல ஆபரேஷன், நீ வந்தாதான் கையெழுத்துப் போடுவார்." இவ்வளவுதான். எண்ணிப் பார்த்தேன், ஏழே வார்த்தை.


18ஆம் தேதி, செவ்வாய்

மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ எழுதியதெல்லாம் சரி.

நான் சொல்லவில்லை. வந்த அன்றைக்கு அவன் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டான் அல்லவா, "அவருக்கென்னடா, குதிரை மாதிரி இருக்கார்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே சிரிப்பு. அதை நானே எப்படி அழிப்பேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் அந்தக் குதிரையை இன்னும் கொஞ்சம் ஓடவிட வேண்டியதாகிவிட்டது. அதிகாரியையும் நான் பார்க்கவில்லை. மைக்கூடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. சுறாவின் படகில் ஒரு தடவைகூட ஏறவில்லை. வரும்போது தபால் படகில் வாந்தி எடுத்தவன் நான் ஒருவன்தான். முதுகு தடவிக் கொடுத்தவர்கள் மற்ற பதினாறு பேர்.

இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று விடிந்ததும் ஆபீஸுக்குப் போனேன். அங்கே சுறாவும் அவன் ஆட்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். "என்ன அண்ணே, கடல்ல முப்பது வருஷம் இருந்தவர் வந்ததுலேர்ந்து கரையிலயே நிக்கிறீங்க? ஏறுங்க இன்னிக்கு" என்றான். முப்பது வருடம் என்று அவனிடம் சொல்லிவைத்தது நான்தான். மாப்பிள்ளை சாக்பீஸோடு என்னைப் பார்த்து, "நிஜமாவா மாமா?" என்றான். மீசை வைத்த ஒருவன் அந்த நேரத்தில் என்ன சொல்வான்? "எழுதுடா அஞ்சு பேருன்னு" என்றேன். எழுதினான்.

படகு துறையைவிட்டு நகரவே இல்லை, எனக்கு வயிற்றைப் பிரட்டியது. எல்லோரும் முன்பக்கம் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கமாகப் பக்கத்துப் படகுக்குள் காலை வைத்து, அதிலிருந்து கரைக்கு வந்துவிட்டேன். அவர்கள் நான் எஞ்சின் அறையில் படுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். யார் கண்ணிலும் பட வெட்கமாக இருந்தது. வலைக் கொட்டகைக்குப் பின்னால் போய், தார்ப்பாயை இழுத்துப் போர்த்திப் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

சங்கு ஊதும் சத்தத்தில்தான் விழித்தேன். மதியம் இருக்கும். மழை. எழுந்து தார்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து பார்த்தால், ஊரே துறையில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஐஸ் அம்மா பக்கத்தில் போய் நின்று, "என்ன ஆச்சும்மா?" என்றேன்.

"அஞ்சு பேர் போன படகு நாலு பேரோட வந்திருக்குய்யா. ஒரு ஆளு கடல்ல விழுந்துட்டானாம். ஆறு படகு தேடப் போயிருக்கு."

"அடப்பாவமே" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. காற்று இந்தப் பக்கம் அடிப்பதால் ஆள் வடக்கே ஒதுங்கியிருப்பான் என்று யோசனை வேறு சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அரை மணி நேரம் என்னை நானே தேடிக்கொண்டு நின்றேன், மருமகளே.

பிறகு ஐஸ் அம்மா மெதுவாகத் திரும்பினார். என் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். "யோவ்! நீதானய்யா அந்த அஞ்சாவது ஆளு!"

அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம். "உன் மருமகன் உன்னைத் தேடிப் போயிருக்கான்யா" என்றார். "கடல்னாலே அவனுக்கு ஆகாது. இந்த மூணு வருஷத்துல ஒரு நாள் படகுல கால் வச்சதில்ல. இன்னிக்குப் பலகைய அப்படியே போட்டுட்டு முதல் படகுல ஏறினான்."

சங்கை மாற்றி ஊதிப் படகுகளைத் திரும்ப அழைத்தார்கள். ஒன்று பாறையில் உரசிப் பலகை பெயர்ந்து வந்தது. மாப்பிள்ளையை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. சட்டையெல்லாம் வாந்தி. என்னைப் பார்த்தான். பலகைக்குப் போய், அந்த வரிசையில் நின்ற ஒவ்வொரு படகாக எண்ணி அழித்தான். கடைசியாகச் சுறாவின் படகு. 'ஐந்து' என்பதை இரண்டு தடவை அழித்தான்.

அப்போதுதான் சொன்னேன். நீ எழுதிய அதே ஏழு வார்த்தை. ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

"வெக்கமாயில்லையா மாமா?" என்றான். "அடி வாங்காம தப்பிக்க அப்பாவையா படுக்க வைப்பீங்க? போன வாரம் குதிரை மாதிரி இருந்தாரே!"

சத்தியம் செய்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அடுத்து என்ன அண்ணே, திமிங்கலமா?" என்றான் சுறா. வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், ஒரு ஆள் நம்பவில்லை. நாளை மறுநாள் படகு. என்ன செய்வதென்று தெரியவில்லை.


புதன், மதியம்

இதே தாளில் தொடர்கிறேன்.

காலையில் உன் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவன் ஆபீஸுக்குப் போனேன். கிளம்புமுன் பேனாவை எடுத்து, நீ புளுகு மூட்டை என்று எழுதிய இடத்தை மட்டும் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். குஷன், வெறும் பஞ்சு என்கிற இடத்தையும்தான். அடித்தால் அதையும் என் வேலை என்பான். அப்படியே கொடுத்தேன்.

"படிக்க மாட்டேன்" என்றான். "எனக்கு வந்ததையே நான் பிரிச்சதில்ல."

"இது உனக்கு வந்ததில்லடா. எனக்கு வந்தது. உன் தங்கச்சி என்னைத் திட்டி எழுதினது. சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்."

சுறா இருந்தான், ஐஸ் அம்மா இருந்தார், அதிகாரியும் கதவருகில் வந்து நின்றார். திட்டு என்றதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. சத்தமாகவே ஆரம்பித்தான். அலைக்கு ஒரு பக்கம், உங்களுக்கு ஒரு பக்கம் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். 'வரலைன்னா எதுக்கு ஆபரேஷன்' என்ற வரிக்கு வந்தான். அதற்குமேல் வாய்க்குள்ளேயே படித்தான். இரண்டாவது கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை படித்தான். என்னை யாரும் பார்க்கவில்லை, அது அவர்கள் எனக்குச் செய்த மரியாதை.

"தாடையில எந்தப் பக்கம் வெட்டு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. இடது பக்கம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரியலடா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு சார்?" என்றான். மூன்று வருடமாக அந்த நேரத்தைப் பலகையில் எழுதுகிறவன் அவன்தான்.


வியாழன், காலை

இந்தக் கடிதத்தைத் தபால் பையில் போடவில்லை. கொண்டு வருகிறவனிடமே கொடுக்கிறேன். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால், தலையைத் தூக்கிப் பார். இந்த ஒன்றை மட்டும் நம்பு.

நான் அவனோடு வரவில்லை. "நீங்க வராதீங்க மாமா, வழியெல்லாம் பேசுவீங்க" என்று சொல்லிவிட்டான். அவன் சொல்வதும் சரிதான். பாறையில் உரசிய படகில் மிதவைச் சட்டைகள் கிழிந்து கிடக்கின்றன, பதினொன்று. அவற்றைத் தைத்து முடித்துவிட்டு வருகிறேன்.

படகில் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடு, கேள்வி கேட்காதே. அத்தானும் அவனும் பார்த்த ஐந்தாவது நிமிடம் பழையதை எடுத்துச் சண்டை போடுவார்கள். நர்ஸ் வந்து விரட்டினாலும் நீ தடுக்காதே. அக்காவையும் தடுக்க விடாதே.

ஆஸ்பத்திரி மேஜையில் நூல் கட்டித் தொங்குகிற பேனா ஒன்றும் எழுதாது. நல்ல பேனாவாக ஒன்று எடுத்துக்கொண்டு போ. ஆனால் அதை அத்தானிடம் நீ நீட்டாதே. அவன் நீட்டட்டும்.

மாமா